“இது என்ன ஓசை?” என்று கேட்ட செவிக்கு

செவிச் செல்வியே! சின்னஞ்சிறு சலசலப்பையும் சிறைபிடிக்கும் சீமாட்டியே! மொந்தெவிடியோ தென்கரை வானொலியின் ஒலிப்பதிவுக் கூடத்தை முப்பது ஆண்டுகளாகக் கட்டியாண்டு, இப்போது ஓய்வு பெறும் எல்விரா எச்செவெரி அம்மையாரே! வணக்கம்.

சாதாரண ஒலித்தட்டில் செல்லோ மட்டுமே கேட்கும். தாங்கள் செய்யும் உயர்தெளிவுப் பதிவிலோ, வில் கம்பியைத் தொடுமுன் வாசிப்பவர் இழுக்கும் மூச்சும் கேட்கும். பியானோ மிதியிலிருந்து கால் எழும் மெல்லிய முனகலும் கேட்கும். வெள்ளிதோறும் மாலையில் ஊர்மக்களை உட்காரவைத்து, விளக்கணைத்து, அவற்றை ஒலிக்கவிட்டு, நடுவில் நிறுத்தி, “இது என்ன ஓசை?” என்பீர்கள். பதில் தெரியாமல் நாங்கள் விழித்தால் உங்களுக்கு அப்படியோர் ஆனந்தம்!

மறப்போமா அந்த ஜாஸ் பதிவை! பாட்டு முடிந்து தாளத்தட்டின் ரீங்காரம் தேய்ந்துகொண்டிருக்க, எங்கிருந்தோ ‘சர்ர்ர்’ என்றோர் இழுப்பு. நிறுத்தினீர்கள். டபுள் பாஸ் வாசித்த அபரிசியோ முந்திக்கொண்டார்: “தரைப்பலகை சுருங்குற சத்தம், எல்விராம்மா.”

“தரை என்னைக்கு மாத்தே குடிச்சுது, அபரிசியோ?”

கூடமே குலுங்கியது! வாசித்து முடித்தாயிற்றென்று நினைத்து, குடுவையில் மிச்சமிருந்த மாத்தே இலைத் தேநீரை மனிதர் குழலில் உறிஞ்சியிருக்கிறார். சத்தம் வர இழுத்துத் தீர்த்தால்தான் குடுவையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற நம் ஊர் வழக்கம் ஒலிவாங்கிக்குத் தெரியுமா?

“வெட்டிடுங்கம்மா, மானம் போகுது” என்று அவர் கெஞ்ச, “வெட்டினா தாளத்தட்டோட வாலும் போயிடும். இருந்துட்டுப் போகட்டும்” என்றீர்கள். இன்று அந்தப் பாட்டைக் கேட்பவர்கள் அந்த இழுப்புக்காகவே காத்திருக்கிறார்கள். அபரிசியோவுக்கும் அதில் இப்போது கொஞ்சம் பெருமைதான்.

அம்மையாரே! போன மாதம் ஒரு சிம்பொனியின் முடிவில் முக்கோண மணி ஒலித்தது. எல்லோரும் லயித்திருக்க, பக்கத்து நாற்காலி நெல்சனிடம், “இன்னும் கேக்குதா?” என்றீர்கள். “கேக்குதும்மா” என்றார் அவர். விளக்கு வந்தபோது உங்கள் முகத்தை நாங்கள் பார்த்தோம். “ஓய்வு வாங்கினப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன். காது போனவளுக்கு இங்க என்ன வேலை?” என்றீர்கள். எங்களுள் கூர்ங்காதர் பலர் உண்டு. கேட்டதை என்னவென்று துருவித் துருவிக் கேட்க உங்களை விட்டால் ஆளில்லை.

ஆகவே ஒரு சூழ்ச்சி செய்தோம். நீங்கள் வராத வெள்ளியன்று அந்தக் கூட்டத்தையே பதிவு செய்தோம். நாற்காலி முனகல், இருமல், அபரிசியோவின் அடங்காத இழுப்பு எல்லாம் உண்டு. நடுவே ஒரு சின்ன ஓசையை ஒளித்தும் வைத்திருக்கிறோம். முக்கோண மணியின் உச்ச சுருதியில் அல்ல. உங்கள் காதுக்கு எட்டும் இடத்தில்தான்.

நோயற்று, நூறாண்டு தாண்டி, குறும்பும் குறுக்குக் கேள்வியும் குறையாமல் வாழ்க நீங்கள்! அந்தப் பதிவை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டோம். வருகிற வெள்ளி மாலை, விளக்கணைத்த பின், இங்கேதான் ஒலிக்கும்.

அது என்ன ஓசை, எல்விராம்மா?

இங்ஙனம்,
உங்கள் நாற்காலியை எவருக்கும் விட்டுக்கொடுக்காத
ஒலிப்பதிவுக் கூடத்து ஊழியர்கள்