உள்ளே எல்லாம் சரியா?

ஹலோ… ஹலோ… ஆபரேட்டரா?… ஆமாங்க, ராணுவ அகாடமி வாசல்ல இருக்கற ஹோட்டல்லேர்ந்துதான் பேசறேன். கான்சஸுக்குப் போடணும்… டொபீகா. மேஜர் ஹோல்கம் வீடு… ஆ, அதே நம்பர்தான்… என் பேரா? கேடட் வெண்டல் ஹோல்கம்… ஆமா… ஆமாங்க, அதே ஹோல்கம்தான்! நேத்து மேட்ச் கேட்டீங்களா?… அட, ரேடியோவுலயா! பார்த்தீங்களா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சு வரைக்கும் நம்ம பேரு போயிருக்கு… நாப்பது கெஜமா? எவன் சொன்னான்? அறுபது, அம்மணி, அறுபது! பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அறுபது கெஜம் ஓடினேன். நாலு பேர் பாஞ்சானுங்க, நாலு பேரும் மண்ணைக் கவ்வினானுங்க…

பரவாயில்ல, எவ்வளவு நேரம் வேணா ஆகட்டும், நிக்கறேன். நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருங்க… எதையாவது. உங்க பக்கம் மழையா?… ம்… ம்… சொல்லுங்க, நிறுத்தாதீங்க… எனக்குப் பின்னாடியா? இருக்கானுங்க, வரிசையா. ஞாயித்துக்கிழமை இல்லையா, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு காதலி. அவனுங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க, டெலிபோன் கூண்டுக் கதவைத் தட்ட மாட்டானுங்க. 'சீக்கிரம் முடிடா'ன்னு ஒரு வார்த்தை வராது. விரதம்… ஆமா, மௌன விரதம். ஆயிரத்து இருநூறு பேரு, எனக்காக மட்டும் இருக்கற விரதம்… சிரிக்காதீங்க, சத்தியமா… ஹலோ?… ஆ, கிடைச்சுடுச்சா? சரி சரி… குடுங்க…

அம்மா?… நான்தான்மா. வெண்டல்… எதுக்கு எடுத்ததும் அழறே? ஜெயிச்சதுக்கா?… ஆமா… ஆமாமா… சாப்பிட்டேன். வறுத்த கோழி, உருளைக்கிழங்கு மசியல், எல்லாம் இருந்துது. பத்துப் பேர் மேஜை, நான் ஒருத்தன்… ஆங்? இல்ல, பத்துப் பேர் சாப்பாட்டை நான் ஒருத்தனே சாப்பிடறேன்னு சொல்ல வந்தேன்… காலுக்கு ஒண்ணுமில்ல. சிராய்ப்புதான்…

ஓட்டிஸா?… இருக்கான், நல்லாருக்கான். நீ பின்னி அனுப்பின ஸ்வெட்டரைக் குடுத்துட்டேன்… அதாவது, அவன் கட்டில் மேல வச்சுட்டு வந்தேன்… என்ன சொன்னானா? அவன் அப்படியே வாயடைச்சுப் போயிட்டான்மா… இல்ல, கோவமெல்லாம் இல்ல. ஒரே ரூமுல மூணு வருஷம் இருந்தவன் என்ன சொல்லிடப் போறான்… கணுக்காலா? அது உனக்கு யார் சொன்னா?… அவங்க அம்மாவா? ம்… ஆறிட்டிருக்கு. தாங்கித் தாங்கி நடக்கறான்.

சரி, அப்பா என்ன சொன்னார்? மேட்ச் கேட்டாரில்ல?… என்னது?… நிதானமாச் சொல்லும்மா, விழுங்காதே… நேத்திலேர்ந்து சாப்பிடவே இல்லையா?… ஏன், ரேடியோக்காரன் என்ன சொல்லித் தொலைச்சான்?… ம்… 'ஹோல்கம் கடைசிக் கோட்டைத் தாண்டிட்டாரு, மைதானமே எழுந்து நிக்குது, கேடட்டுங்க பக்கத்துல மட்டும் ஒரு கையும் தட்டலையே, என்ன ஆச்சரியம்'னா?… அப்பா எழுந்து ரேடியோவை அணைச்சுட்டாரா… ம்… ஒண்ணுமே சொல்லலையா? உன்கிட்டயுமா?…

அவருக்குப் புரிஞ்சுபோச்சும்மா… இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. சண்டையும் இல்ல… அவர்கிட்ட குடு… குடும்மா. திட்டினாத் திட்டட்டும். திட்டு வாங்கத்தான் போன் பண்ணேன்னு வச்சுக்கயேன்… சரி, போய்க் கூப்பிடு. நிக்கறேன்.

என்னடா பார்க்கறே? கார்வர், உன்னைத்தான்! கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டறியே, அது பேசின கணக்குல வராதா? போய் உன் கமிட்டிகிட்டக் கேட்டுட்டு வாடா!… முறைக்காதே, கண்ணாடி உடைஞ்சுடப் போகுது… ஆங்? அம்மா? உன்னைச் சொல்லலம்மா. இங்க வெளிய ஒரு ஊமைச்சாமி… வந்துட்டாரா? குடு.

சார்… வெண்டல் சார்… ஆமா சார், நேராத்தான் நிக்கறேன்… போட்டிருக்கு சார், கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருக்கு… நன்றி சார். ஆமா, நல்லா ஓடினேன்… ஆமா சார்…

ஆமா சார்.

ஆமா. நீங்க நெனச்சதேதான்… ஆறு வாரமாச்சு… ஒருத்தர்கூட இல்ல சார். வாத்தியார் கேள்வி கேட்டா பதில் சொல்றேன், கட்டளை போட்டா செய்யறேன், அதோட சரி. சாப்பாட்டுக்குத் தனி மேஜை. ஓட்டிஸை வேற ரூமுக்கு மாத்திட்டாங்க. நான் குளிக்கப் போனா குழாயடி காலியாயிடுது. நேத்து ஓடி முடிச்சுத் திரும்பறேன், நம்ம பசங்க எல்லாரும் ஒருத்தனை ஒருத்தன் கட்டிக்கறானுங்க. நான் பந்தை வச்சுக்கிட்டு நடுவுல நிக்கறேன், பந்தியில உக்கார வச்சு இலை போடாத மாதிரி…

எதுக்குன்னா… சொல்றேன் சார்… இல்ல, சுத்தி வளைக்கல. சாயந்திரப் படிப்பு நேரம். ரூமை விட்டு நகரக் கூடாத நேரம். ஓட்டிஸ் ஜன்னல் வழியா மழைத்தண்ணிக் குழாயைப் புடிச்சு இறங்கி, இதே ஹோட்டலுக்குத்தான் வந்தான், சுடச்சுட ஆப்பிள் பை வாங்கித் திங்க… அவனா வரல. நான்தான் கிளப்பிவிட்டேன். 'உனக்கெங்கடா அந்தத் தைரியம்'னு ஒரு வாரமா அவனை நச்சரிச்சேன்… ஆமா சார், நான்தான். அவன் போன கொஞ்ச நேரத்துல கார்வர் சோதனைக்கு வந்தான். உங்களுக்குத் தெரியாததா… கதவைத் தட்டி, 'உள்ள எல்லாம் சரியா?'ன்னான்.

'சரி'ன்னேன்.

அவ்வளவுதான் சார்… ஆமா, தெரியும்… தெரியும் சார், தொட்டில்லேர்ந்து கேட்டு வளந்தவன் நான். கதவைத் திறந்து பார்க்க மாட்டாங்க. கேடட்டோட வாயிலேர்ந்து 'சரி'ன்னு வந்தா, ரெண்டு பேரும் உள்ள இருக்காங்கன்னு அப்படியே நம்பிட்டுப் போயிடுவாங்க. அதனாலதான் அந்த வார்த்தையில பொய் கலக்கக் கூடாது… தெரியும் சார்.

ஓட்டிஸ் திரும்ப ஏறறப்ப வழுக்கி விழுந்துட்டான். ஆஸ்பத்திரியில வச்சுக் கேட்டாங்க, இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லிட்டான். வெளிய போனவன் அவன். அவனுக்குக் கால் ஆறினதும் முற்றத்துல துப்பாக்கி தூக்கிக்கிட்டு நடக்கற தண்டனை, முடிஞ்சா கணக்கு தீர்ந்துது. எல்லாரும் அவன்கூடப் பேசறானுங்க, கேலி பண்றானுங்க, 'ஆப்பிள் பை எங்கடா'ன்னு கேக்கறானுங்க. ரூமுலயே உக்காந்திருந்தவன் நான், எனக்குத்தான் இது… என்கூட யாரும் பேசக் கூடாதுன்னு ஓட்டெடுத்தப்ப ஓட்டிஸும் கை தூக்கினான் சார். படுக்கையிலேர்ந்தே தூக்கினானாம்.

ராஜினாமா பண்ணிட்டுப் போன்னு கேடட்டுங்க கமிட்டி சொன்னது… மாட்டேன்னேன்… ஆமா சார், திமிர்தான். எங்கேர்ந்து வந்துது, உங்ககிட்டேர்ந்துதான வந்துது! 'ஜூன்ல பட்டம் வாங்கற வரைக்கும் நீங்க அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டே இருங்கடா, யாருக்கு முதல்ல வலிக்குதுன்னு பார்க்கலாம்'னேன்…

எனக்குத்தான் சார் வலிக்குது.

அதான் கூப்பிட்டேன். நாளைக்குக் காலையில கமாண்டன்ட் முன்னாடி நின்னு முடிவா ஒரு பதில் சொல்லணும். போறேனா, இருக்கேனான்னு. நீங்க வந்துடுடான்னா வந்துடறேன். இருடான்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு ஜூன் வரைக்கும் இருந்துடுவேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார். எதுவானாலும் சரி. உங்க வாயால சொல்லிட்டாப் போதும்…

என்ன சார்?… வாய் தவறியா?… ஆமா, கமாண்டன்ட் உங்க பேட்ச்தான், தெரியும்… நீங்களே எழுதறீங்களா?… 'பையன் படிப்பு மும்முரத்துல, பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்க்காம, வழக்கம்போல சொல்லிட்டான்'னா?… ம்… அப்படி எழுதினா ஒத்துக்குவாங்களா?… ஒத்துக்குவாங்க, இல்ல? உங்க வார்த்தையாச்சே… ம்…

நான் ஆமான்னு மட்டும் சொல்லணும்… நீங்க நம்பிடுவீங்க. திறந்து பார்க்க மாட்டீங்க.

இல்ல சார்.

வாய் தவறல. படிப்பு மும்முரமும் இல்ல. அவன் கட்டில் காலியா இருக்கறதைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன். கார்வர் பேசாம நம்பிட்டுப் போற காலடிச் சத்தத்தைக் கேட்டு இன்னும் சிரிச்சேன்… என்னை மன்னிச்சுடுங்க சார். இதை ஆறு வாரத்துல நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்றதுக்கு யாரு இருக்கா? இன்னொரு தடவை, அதுவும் உங்ககிட்ட, பொய் சொல்ல எனக்கு மனசு வரல, அவ்வளவுதான்…

சார்?…

சார், நான் சொன்னது கேட்டுதா?… அப்பா?… லைன் இருக்கா?… இருக்கு. மூச்சு கேக்குது. கூடத்துல கடிகாரம் அடிக்கறது கேக்குது… அப்பா, ஏதாவது சொல்லுங்க…

வேண்டாம்பா. இதை நீங்க பண்ணாதீங்க. இது கேடட்டுங்களுக்கு இருக்கற சட்டம். நீங்க இந்த வாசலை விட்டுப் போய் இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. உங்களை யாரும் கேக்கப் போறதில்ல… அப்பா… நான் உண்மையைத்தான சொன்னேன்! பொய் சொல்லியிருந்தா இந்நேரம் பேசிக்கிட்டிருப்பீங்க இல்ல?…

திட்டுங்க. கழுதைன்னு சொல்லுங்க. குலத்தைக் கெடுக்க வந்த கோடாரிக்காம்புன்னு சொல்லுங்க. காது குளிரக் கேட்டுக்கறேன்… ம்? ஒரு இருமலாவது இருமுங்களேன்…

லாத்ராப் ஞாபகம் இருக்கா உங்களுக்கு? உங்க பேட்ச். நீங்கல்லாம் சேர்ந்து பேசாம ஒதுக்கி வச்சவர். பட்டம் வாங்கி மணிலாவுக்குப் போயும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் உங்களுக்கு வாழ்த்து அட்டை போடுவாரே… பிரிக்காமலே அடுப்புல போடுவீங்க. 'அந்த மாமா என்னப்பா தப்புப் பண்ணாரு?'ன்னு நான் ஒரு தடவை கேட்டேன். 'ஞாபகமில்ல'ன்னீங்க. செஞ்ச தப்பு ஞாபகமில்ல, பேசக்கூடாதுங்கறது மட்டும் மறக்கல! அன்னிக்கு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துது தெரியுமா? ஸ்கூல்ல போய் எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்கப்பா மாதிரி உண்டாடான்னு…

இனிமே நானும் அட்டை போடணுமா? சொல்லுங்க! கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு போட்டாப் போதுமா?… வாயைத் திறய்யா! எதுக்குய்யா பெத்தே என்னை!…

இல்ல… இல்லப்பா… தப்பு. கத்தினது தப்பு. மன்னிச்சுடுங்க… வந்துடவா, இருக்கவா? அதை மட்டும் சொல்லுங்க. ஒரே வார்த்தைப்பா… சொல்ல வேணாம், சரியா? ரிசீவரை விரலால ஒரு தட்டு தட்டுங்க. ஒண்ணு தட்டினா வந்துடறேன்… கார்வர்கூட கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்பா…

அம்மா பேசறது கேக்குது. 'புள்ளகிட்ட ஏதாவது பேசுங்களேன்'ங்கறா. பக்கத்துலதான் நிக்கறாளா?… அவகிட்டயாவது குடுங்க. அம்மா!… அம்மா, அவர் கையிலேர்ந்து புடுங்கு!… அம்மா, நான் நாளைக்கு…

அப்பா?…

அப்பா?…

ஆங்?… ஆமாங்க, கேக்குது. நீங்கதானா?… ஆமா, முடிஞ்சுது… இல்லீங்க, லைன்ல கோளாறு இல்ல. கடைசி வரைக்கும் நல்லாத் தெளிவாத்தான் இருந்துது. அவங்கதான் வச்சுட்டாங்க… மறுபடியுமா? வேணாம், எடுக்க மாட்டாங்க… அழலீங்க. சளி, இங்க குளிர் ஜாஸ்தி… ம்… ம்… நல்லாத்தான் ஓடினேன், ஆமா. நாப்பது கெஜம்தாங்க. நீங்க கேட்டதுதான் சரி. அறுபதுன்னு நான்தான் கூட்டிச் சொன்னேன்…

என்ன கேட்டீங்க?… இன்னொரு தடவை கேளுங்க…

இல்லீங்க. எதுவும் சரியில்ல.

ஆமா, சரியில்லன்னுதான் சொன்னேன்… நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்… இல்ல, பேசினீங்களே, அது போதும். வச்சுடறேங்க. வெளிய ஆளுங்க ரொம்ப நேரமா நிக்கறாங்க.