இடது பக்கத்துக் காயம்

இந்த வருஷம் தயிர் நன்றாகத் திரண்டிருக்கிறது, சாமி. முதலில் சாப்பிடுங்கள். கேட்க வந்ததை நிதானமாகக் கேட்கலாம். நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

என்னைக் கட்டிக்கொடுத்தபோது என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அப்பாவும் உல்ஃபெதினின் அப்பாவும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் பக்கத்து அறையில் கம்பளிக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். உல்ஃபெதின் கெட்டவர் இல்லை. குடிப்பார், அவ்வளவுதான். ஒரு குளிர்காலத்தில் ஹல்வார்த் வீட்டு விருந்து முடிந்து தனியாகத் திரும்பியபோது உறைந்திருந்த ஆற்றின் பனி உடைந்து உள்ளே போய்விட்டார். உடலைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். நான்தான் கழுவினேன்.

அதற்குப் பிறகுதான் நான் மனுஷியானேன். விதவைக்கு மேலே அப்பனும் இல்லை, புருஷனும் இல்லை. எந்த ஆட்டை அறுப்பது, எந்த வேலையாளை வைத்துக்கொள்வது, பஞ்ச காலத்தில் யாருக்கு மாவு கொடுப்பது எல்லாம் என் வாய்ச்சொல்லாயிற்று. மாவறைச் சாவி என் இடுப்பில் தொங்கியது. ஊர் வழக்குகளைத் தீர்க்கும் கோடைச் சபையில் பெண்பிள்ளை எழுந்து பேச முடியாது. ஆனால் சபைக்குப் போகிறவர்கள் வழியில் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அங்கே அவர்கள் பேசியதில் பாதி இந்தக் குரோவா பேசியது என்று ஊருக்கே தெரியும்.

என் மூத்த மகன் ஐவிந்த் அந்த ஹல்வார்த்தின் மகள் ஆல்டிஸைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். நான் தடுக்கவில்லை. நல்ல பெண். நிச்சயமான பிறகு ஒரு நாள் வந்தாள். நான் மாவு அளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள்.

"கை இப்படிச் சில்லிட்டுக் கிடக்கே அத்தை. கல்யாணத்துக்கப்புறம் நீங்க கணப்புப் பக்கத்துல உக்காந்துக்குங்க. இதெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அன்பாகத்தான் சொன்னாள். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அடுத்த வாரம் சாப்பாட்டு வேளையில் ஐவிந்தின் கிண்ணத்தை வேலைக்காரிகள் உட்காரும் பலகையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு தக்ளியையும் வைத்தேன். ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன இது என்று கேட்டான்.

"உன் இடம் இதுதான்டா. அப்பனைக் கொன்னவன் வீட்டுல பெண்ணெடுக்கிறவனுக்குக் கோடரி எதுக்கு? நூல் நூத்துக்கிட்டு இரு."

அவன் சிரிக்கப் பார்த்தான். "அப்பா ஆத்துல விழுந்துதானேம்மா செத்தாரு?"

"தலையில இருந்த காயத்தைக் கழுவினவ நான். உன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுதுன்னுதான் இத்தனை நாள் சொல்லல."

அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். நான் கிண்ணத்தை எடுத்து நாய்க்கு வைத்தேன். கொல்லு என்று நான் சொல்லவில்லை, சாமி. அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை.

ஹல்வார்த் ஆட்டுப்பட்டிச் சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தாராம். இவனைக் கண்டதும், "வாங்க மாப்பிள்ளை, இந்தக் கல்லுக்கு ஒரு கை குடுங்க" என்றாராம். கல்லோடு குனிந்திருந்தவர் நிமிரவில்லை. பிறகு ஐவிந்த் சட்டப்படி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, கொன்றது நான்தான் என்று அறிவித்திருக்கிறான். அந்த மட்டில் என் வளர்ப்பில் குறையில்லை.

சபை அவனை நாட்டை விட்டுப் போகச் சொன்னது. கோடை முடிவதற்குள் கப்பலேற வேண்டும். தவறினால் யார் வேண்டுமானாலும் அவனைக் கொல்லலாம். கல்யாணம் நின்றுபோயிற்று.

கப்பலுக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வந்தான். கஞ்சி ஊற்றினேன். உல்ஃபெதினைத் தூக்கிவந்த கூலியாளை வழியில் பார்த்தானாம். அந்த ஆள் என்ன சொன்னான் என்று ஐவிந்த் என்னிடம் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டான்.

"அம்மா, அந்தக் காயம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது பக்கம்" என்றேன்.

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனான். கப்பலுக்குப் போகவில்லை. கடற்கரையில் மீனவர் குடிசை ஒன்றில் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தானாம். ஹல்வார்த்தின் தம்பிகள் வந்தபோது கோடரியைக் கையில்கூட எடுக்கவில்லையாம். அவனையும் நான்தான் கழுவினேன்.

நீங்கள் கேட்க வந்தது இதைத்தானே? சொல்லிவிடுகிறேன். உல்ஃபெதின் தலையில் காயம் இல்லை. உடம்பில் எங்குமே ஒரு கீறல்கூட இல்லை. ஐவிந்த் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம் என்பீர்கள். செய்து முடித்துவிட்ட பிள்ளையிடம் அதைச் சொல்லி அவன் மனதைப் புண்படுத்துவானேன்? பெற்றவளுக்கு அதற்கு மனது வராது.

இப்போது சின்னவன் ஓஸ்பக் இருக்கிறான். வடக்குக் கரையில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். கெட்டிக்காரியாம், ஒரு பண்ணையையே தனியாக நடத்துகிறாளாம். நான் தடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் அண்ணன் உன்னைப் பற்றி வெளியில் என்ன பேசுகிறான் தெரியுமா என்று மட்டும் இன்று காலை கேட்டுவைத்தேன். வெகுளிப் பையன், சாமி. அவனுக்கு நல்லது கெட்டது எடுத்துச் சொல்ல என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?