மூணாம் நம்பர் மூடி

— நிறுத்து, நிறுத்து! இன்னாமா மாரிசெல்வி, இந்தச் சத்தத்துக்கு செம்பரம்பாக்கம் ஏரி மீனுங்கல்லாம் மூட்டை கட்டிக்கினு கெளம்பிருக்குமே!

— சிரிக்காதீய தணிகாசலம்ணே. நேத்து வரைக்கும் பதுவிசா ஓடுச்சு. இது ஓடியே ஆகணும், என் பொழப்பே இதுலதான் இருக்கு.

— இருவது வருஷத்து ரேஸ் காருல இன்னா பொழப்பு? கறிகா ஏத்தப் போறியா?

— வால்வு சத்தமா இருக்குமோண்ணே?

— வால்வு டிக்டிக்குன்னும். இது உலக்கை போடுது. திரும்ப ஸ்டார்ட் பண்ணு. ஒவ்வொரு பிளக்கு ஒயரா புடுங்குறேன், கேளு. ஒண்ணு... அதே சத்தம். ரெண்டு...

— கொறையுது!

— மூணுலயும் கொறையுது பாரு. பிஸ்டனைத் தள்ளுற ராடு அடிக்குதுமா. ஆஃப் பண்ணிட்டு வா, ஆயிலை எறக்குறேன்.

— என்னண்ணே இப்படி மினுங்குது?

— ஜிகினா! பேரிங்கு மொத்தமும் அரைஞ்சு வந்துகீது. நாலு கல்யாணப் பொண்ணுக்கு இதுல பொடவையே நெய்யலாம். இரு, அடிச் சேம்பரையும் கழட்டிடறேன்... டார்ச் அடி. ராடு மேல இன்னா நம்பர் கீது?

— ரெண்டு.

— அதைப் புடிச்சிக்கினு கீற மூடில?

— ...மூணு.

— மாத்தி மாட்டிக்கிறான்! அந்தந்த ராடுக்கு அந்தந்த மூடிதான், ரெண்டையும் சேத்து வச்சுக் கடைஞ்சது. ராடு போச்சு, கிராங்கு போச்சு, இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வர்றதும் எப்பவோ நின்னுபோச்சு. காயலாங்கடைதான். எந்தப் பேமானி கட்டினான் இத? குன்றத்தூர் மெக்கானிக்கா? சொல்லு, ஸ்பேனர் தொட்ட கையில சூடு போட்டுட்டு வர்றேன்!

— கத்துக்குட்டி இல்லண்ணே. எட்டு வருசமா இதே வேலை. ஷிப்டுக்கு நானூறு இஞ்சினுக்கு மூடி மாட்டுத கை.

— அப்ப கண்ணு அவிஞ்சு போச்சா அதுக்கு?

— கார் கம்பெனி லைன்ல டிரே வரும்லா, அதுல ராடும் அதோட மூடியும் சோடியாத்தான் வந்து நிக்கும். எடுக்கணும், மாட்டணும், இறுக்கணும், அடுத்தது. நம்பருன்னு ஒண்ணு இருக்குன்னே எனக்கு இப்பத்தாம்ணே தெரியுது.

— ...நீயா?

— ரூம்ல வச்சு இஞ்சினைப் பிரிச்சு நாலு மூடியையும் ஒரே வாளில போட்டுக் கழுவினேன். கைக்கு ஆம்புட்டதை மாட்டினேன்.

— அடப்பாவமே. சரி வுடு, அழாத. பேமானின்னது வாய் தவறிப்போச்சு. ஒரு வண்டிதான போச்சு? காலைல பேசாம ஷிப்டுக்குப் போ. அங்க டிரே வந்துக்கினே இருக்கும், உன்னை அடிச்சுக்க ஆளே கெடையாது.

— முந்தாநாளு ஒரகடம் ரோட்டுல நூத்திப் பத்துல பறந்துச்சுண்ணே. இனிமே சொந்தமா இஞ்சின் கட்டிப் பொழச்சுக்கிடுவேன்னு இன்னைக்குக் காலையிலதான் சூப்பர்வைசர்ட்ட வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.