வளைவில் நிற்கிற வண்டி

மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஊசி போட்ட இடம் இவ்வளவு சிவந்திருக்கலாமா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன் சீட்டில் முப்பது வயது மதிக்கத்தக்க நண்பர்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஸ்கேன் கவர். அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

“இன்ஜின் பெருசா இருந்தாப் போதுமாலே? ஒன்னோட ரெண்டு லிட்டர் இன்ஜின் காரு நேர் ரோட்டுல பறக்கும். அய்யனார் கோவில் வளைவுல எங்காருக்குப் பின்னாலதான வரும்?”

“செத்த நேரம் பேசாம வாலே. டாக்டர் ஒன்னய அலட்டிக்கிடாதன்னாருல்லா.”

“வலிப்பு வந்தவன் கார் ஓட்டக்கூடாதுன்னாரு. காரப் பத்திப் பேசவுங் கூடாதுன்னாரா?”

நண்பர் சிரித்தார். ஜன்னலோரக்காரர் விடவில்லை.

“ஒன் காரு எம்புட்டு பெட்ரோல் குடிக்கி? எங்காரு அதுல பாதிதான் குடிக்கும். எப்பவும் அதத் தையல் மிஷினும்பியே, இன்னைக்கு ஏன் சொல்லல?”

“ஒங்காருதாம்லே நல்ல காரு. வளைவுல அத அடிச்சுக்கிட முடியாது. ஒத்துக்கிடுதேன்.”

ஜன்னலோரக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தபடி வந்தார். மில் காம்பவுண்டுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஊருக்குள் நுழையும்போதுதான் மறுபடி பேசினார்.

“என்னய வெளிய ஒக்காரச் சொல்லிட்டு, டாக்டர் ஒங்கிட்ட என்னலே சொன்னாரு?”

நண்பர் டிக்கெட் எடுக்கணுமென்று எழுந்து கண்டக்டரைத் தேடினார். இருவரின் டிக்கெட்டுகளும் நண்பரின் கையிலேயே இருந்தன.