டாக்டர் ராஜகுரு கேட்ட ஒரு கேள்வி

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மருத்துவ நண்பர்களே, டாக்டர் ராஜகுரு அவர்களின் துணைவியார் தங்கச்செல்வி அம்மா அவர்களே, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் மாறி வந்து இந்த மண்டபத்தில் இடமில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருக்கும் சொந்தங்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் நாகஜோதி. அருப்புக்கோட்டையில் டாக்டரின் மனநல மருத்துவமனையில் இருபத்தேழு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் டாக்டரின் கைராசியைப் பற்றிச் சொன்னார்கள். உண்மைதான். ஊரில் அவரை "தூங்க வைக்கிற டாக்டரு" என்றுதான் சொல்வார்கள். அறிதுயில் என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அந்த ஹிப்னாடிச முறையில் எத்தனை பேரைத் தூங்க வைத்தார்! பிள்ளை பெற்ற பிறகு பயத்தில் கண்ணை மூடாத பெண்கள், வலியில் துடித்தவர்கள், விபத்தைப் பார்த்து மிரண்டவர்கள். வந்தவர்களை நாற்காலியில் சாய வைத்துப் பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். கால் மணி நேரத்தில் அவர்கள் முகம் தளர்ந்துவிடும்.

ஆனால் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது அவர் செய்த ஒரு தவறு. இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும். போன மாதம் படுக்கையில் இருந்தபடி அவரே என்னிடம் கேட்டுக்கொண்டார். "ஜோதிம்மா, கூட்டம் போட்டா எல்லாரும் புகழ்ந்துட்டுப் போயிருவாக. நீ மட்டும் அந்தக் கதையச் சொல்லிரு" என்றார். சம்பந்தப்பட்டவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து பால்சாமி என்பவர் தன் மனைவி காளீஸ்வரியை அழைத்துக்கொண்டு வந்தார். அவர்களுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை, தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குத் தோட்டத்தில் இருந்தது தாய் மட்டும்தான். அந்த மத்தியானத்தில் நடந்தது ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை. துணி துவைத்தது தெரியும். அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் அவரைத் தூக்கி உட்கார வைத்ததுதான் தெரியும். நடுவில் ஒன்றுமில்லை. மூன்று மாதமாகத் தூக்கமும் இல்லை.

முதல் தடவை டாக்டர் அவரைத் தூங்க மட்டும் வைத்தார். இரண்டாம் தடவை வந்தபோது பால்சாமி டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டார். "எம்பிள்ள கெணத்துக்கு எப்படிப் போச்சுன்னு தெரியணும் சார். இவ மனசுக்குள்ளதான் இருக்கு. நீங்கதான் எடுத்துத் தரணும்" என்று அழுதார். டாக்டர் சம்மதித்தார். நான் டேப் ரெக்கார்டரைப் போட்டேன்.

காளீஸ்வரி கண்ணை மூடியபடி மெதுவாகச் சொன்னார். வெயில் அடிக்கிறது என்றார். சோப்பு நுரை என்றார். பிள்ளை செருப்பில்லாமல் நிற்கிறாள் என்றார். அதோடு நின்றுவிட்டது. அப்போது டாக்டர் கேட்டார்: "பக்கத்துல யாரு நிக்கிறா?" பதில் இல்லை. மறுபடியும் கேட்டார்: "நல்லாப் பாரு தாயி. யாரோ நிக்கிறாக இல்ல? யாரது?"

வெகு நேரம் கழித்து, "கொழுந்தன்" என்றார் காளீஸ்வரி.

அந்த ஒரு சொல்! பால்சாமியின் தம்பி தங்கபாண்டிக்கும் அவர்களுக்கும் ஏற்கெனவே வரப்புத் தகராறு இருந்தது. அன்று சாயங்காலமே தங்கபாண்டியைத் தெருவில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். தான் அந்த நேரத்தில் ஊரிலேயே இல்லை என்று அவர் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. டாக்டரே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாரே! தங்கபாண்டி ஊரை விட்டுப் போனார். எனக்கோ அன்றைக்கு எங்கள் டாக்டரை நினைத்துப் பெருமையாக இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

எட்டு மாதம் போனது. வீரசோழனிலிருந்து மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவர் தன் மனைவியின் சிகிச்சைக்காக வந்தார். பேச்சுவாக்கில், "எங்க கடைக்கு லோடு கொண்டுவருவானே தங்கபாண்டி, அவன வெரட்டிட்டாகளாமே. அந்தப் பிள்ள செத்த அன்னைக்கு அவன் காலையிலருந்து எங்க கடையிலதான மூடை எறக்கிட்டு இருந்தான் டாக்டர். சாயங்காலம் அஸர் தொழுகை முடிச்சுட்டு வந்து நான்தான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறந்தான் ஊர்லருந்து ஆள் வந்து சேதி சொன்னாக" என்றார்.

டாக்டர் வெளியில் காத்திருந்தவர்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, பழைய கேசட்டைத் தேடி எடுக்கச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து கேட்டோம். மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு டேப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஜோதிம்மா, அங்க யாருமே நிக்கல. நான்தான் ஒரு ஆள நிப்பாட்டிருக்கேன். அவ பாவம், எனக்காக ஒரு மூஞ்சியத் தேடிப் பிடிச்சுச் சொல்லிருக்கா" என்றார்.

கூடப் படித்த டாக்டர் ஒருவர், பேர் கெட்டுவிடும், பேசாமல் இரு என்றார். எத்தனை பேர் அப்படி இருந்திருப்போம்? மறுநாள் காலையில் நானும் அவரும் அந்தக் கிராமத்துக்குப் போனோம். ஊர்க்காரர்கள் கூடியிருந்த இடத்தில் நின்று, "தங்கபாண்டி அங்க இல்ல. தப்பு என்னோடது. நான் கேட்ட கேள்வி தப்பு" என்றார்.

பால்சாமி அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "எந்தம்பிய நான் செருப்பால அடிச்சேன்யா! இப்ப வந்து சாவகாசமாச் சொல்றீகளா?" டாக்டர் கையைத் தட்டிவிடவில்லை. சட்டைப் பித்தான் தெறித்து விழுந்தது. அப்படியே நின்றார்.

காளீஸ்வரி மட்டும் கிட்டத்தில் வந்து கேட்டார்: "அப்ப எம்பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு யாருக்குமே தெரியாதா சார்?"

"தெரியாது தாயி. இனிமேயும் தெரியாது. இல்லாதத நான் எடுத்துத் தர முடியாது. ஒன்னையத் தூங்க வைக்க மட்டும் முடியும். வருவியா?"

காளீஸ்வரி வீட்டுக்குள் போய்விட்டார்.

பெரியோர்களே, அதற்குப் பிறகுதான் டாக்டர் வியாழக்கிழமைதோறும் திருச்சுழிக்குப் போய் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அருப்புக்கோட்டை வரைக்கும் வர அந்தத் தாய்க்கு மனம் வராது என்று அவருக்குத் தெரியும். ஐந்து வியாழன் காத்திருந்தார். ஆறாவது வியாழன் காளீஸ்வரி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் அன்று அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மூச்சைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசினார். ஒரு வருடத்துக்கு மேலான துயரத்தில் இருந்த அந்தப் பெண் ஆழ்ந்து தூங்கினார். எழுந்ததும் வாய்விட்டு அழுதார். மகள் பேரைச் சொல்லி அழுதார்.

தங்கபாண்டியைத் தேடித் திருப்பூருக்கும் போனார் டாக்டர். பனியன் கம்பெனி வாசலில் வைத்து மன்னிப்புக் கேட்டார். முதல் தடவை தங்கபாண்டி முகம் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் போனார். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை போனபோது தங்கபாண்டி ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"எங்க மதினி இப்பத் தூங்குதாகளா?"

"தூங்குது."

"அப்ப ஊருக்கு வாரேன்."

இருபது வருடமாகியும் அண்ணனும் தம்பியும் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்று கேள்விப்படுகிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் டாக்டருக்குப் பிடிக்காது. ஆனாலும் இருவரும் இன்று ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

அதன் பிறகு மறந்ததைத் தோண்டியெடுக்க அவர் யாரையும் தூங்க வைத்ததே இல்லை. கடையில் திருடியவன் யார் என்று கேட்டு வந்தார்கள். மாட்டேன் என்றார். பெரிய அதிகாரி ஒருவர் ஒரு வழக்குக்காகக் காரில் வந்து கேட்டார். "தூக்கத்துல சொன்னதெல்லாம் நெசம்னு நம்பி ஒரு குடும்பத்தப் பிரிச்சவன் சார் நானு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். தன் தவறை முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அவருக்கு வந்தது. இளம் மருத்துவர்களிடம் சொன்னார், கல்லூரிகளில் சொன்னார், அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டி, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு சொன்னார்.

ஈரலில் புற்றுநோய் வந்து, கடைசி மூன்று வாரம் மருந்துக்கும் வலி அடங்கவில்லை. ஒரு மத்தியானம் தங்கச்செல்வி அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். "எத்தன வருசம் பாத்துருக்க. எனக்குப் பேசு ஜோதிம்மா" என்றார். அவர் பேசுகிறபடியே பேசினேன். என் குரல் உடைந்தது. கண்ணைத் திறக்காமலே, "அவசரப்படாத, நல்லாத்தான் போகுது" என்றார். நோயாளியாகப் படுத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர்! அன்று இரண்டு மணி நேரம் தூங்கினார். அதற்குப் பிறகு தினமும் போனேன். கடைசி நாளும் அப்படித்தான். பேசிக்கொண்டே இருந்தேன். அவர் மூச்சு நின்றது எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் என் தோளைத் தொட்டு, "போதும் ஜோதி" என்றார்கள்.

அன்பானவர்களே! டாக்டருக்குச் சிலை வேண்டாம், பதாகை வேண்டாம். அவரிடம் பயின்ற டாக்டர் தீபலட்சுமியும் நானும் இந்தச் சபையில் உறுதி சொல்கிறோம். தூக்கம் இழந்து வருகிறவர்களைத் தூங்க வைப்போம். தெரியாததைத் தெரியாது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுவோம். நாங்கள் தவறு செய்தால் உங்கள் ஊருக்கு வந்து, உங்கள் நடுவில் நின்று ஒப்புக்கொள்வோம்.

வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திருச்சுழியில் கதவு திறந்திருக்கும். வாருங்கள்.