பேசாத வைன் கிளப்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் செல்லும் பேருந்து எத்தாளையைக் கடந்தபோது, முன் இருக்கையில் தொழுகைத் தொப்பி அணிந்திருந்த நடுவயதுக்காரர் சொன்னார்:

“எங்கட வைன் கிளப்பில மெம்பர்மார் குடிக்கிறாங்க தங்கச்சி, வைனப் பத்திக் கதைக்கிறாங்க இல்ல.”

அருகிலிருந்த பெண்ணின் கழுத்தில் சிறிய சிலுவை. இருவரும் ஆலங்குடாவில் ஒரே ஹோட்டலில் வேலை செய்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“நீங்க கேட்டுக் கதைக்க வைக்கலாமே, நானா?” என்றாள் அவள், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில்.

“கேட்டேனே. ‘ருசி எப்பிடி’ எண்டா, ‘நல்லம்’ எண்டு சொல்லிப்போட்டு கிளாஸ நீட்டுறாங்க. இந்த மாசமும் ஒருத்தரும் வாய் திறக்காட்டி கிளப்ப மூடுறதாம், மெனேஜர் சொல்லிட்டார். நான் திரும்ப லோண்டரிக்கு, துணி தோய்க்க.”

“குடிக்காத உங்களை ஏன் கிளப்புக்குப் பொறுப்பாப் போட்டவர்?”

“அதாலதான் போட்டார். போத்தல் குறையாதாம்.”

அவள் சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள்.

“நத்தார் பெருநாளுக்கு எங்கட கிறிஸ்தவ ஆக்கள் வீட்டில வைன் போடுறது. மெம்பர்மார்ல பாதிப் பேர் சிலாபத்து வேதக்காரர்தானே, அதைக் கொண்டுவரச் சொல்லுங்க. அடுத்த வீட்டு வைனைக் குறை சொல்லாம எங்கட ஆக்களால இருக்க ஏலாது.”

அவருடைய முகம் தெளிந்தது. பிறகு மறுபடியும் வாடியது.

“கதைப்பாங்கதான். சண்டையும் வரும். யாருட வைன் நல்லமெண்டு யாரு தீர்ப்புச் சொல்ற?”

“நீங்கதான். குடிக்காத ஆள் ஒரு பக்கமும் சாயமாட்டார் எண்டு எல்லாரும் நம்புவாங்க.”

“வாயில வைக்காம எப்பிடித் தங்கச்சி சொல்ற?”

“ஆர் ஆகக் கூடுதலாக் கதைக்கிறாரோ, அவர்ட வைன்தான் நல்லமெண்டு சொல்லுங்க. மெனேஜருக்கும் அதுதானே வேணும்.”