கீரைமசியல் கலர் வண்டி

"இதப் போயி அசிங்கம்னு எழுதியிருக்கானுங்க டாக்டர். நீங்களே பாருங்க."

டாக்டர் மகேந்திரராசா பார்த்தார். டெக்சாஸில், கேட்டி நகரத்தின் இந்தத் தெருவுக்குக் குடிவந்து நாலு நாள்தான் ஆகிறது. குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்த மனிதர், பக்கத்து வீட்டுக் கிட்டுசாமியிடம் அகப்பட்டுக்கொண்டார். கிட்டுசாமி வாசலில் எழுபத்து நாலாம் வருஷத்து ஸ்டேஷன் வேகன் கார், கீரைமசியல் நிறத்தில், படகு நீளத்துக்கு நின்றது. பக்கவாட்டில் மரம் மாதிரி ஸ்டிக்கர். கூரையில் தோல் மாதிரி ரெக்சின்.

மரமும் இல்லை, தோலும் இல்லை, அதுதான் அருமை என்றார் கிட்டுசாமி. அந்தக் காலத்திலேயே யாருக்கும் பிடிக்காத வண்டியாம். பிடிக்காமல் எல்லாரும் நசுக்கிப் போட்டதால்தான் இப்போது தேடி அலைகிறார்களாம். போன மாதம் பழைய கார் கண்காட்சியில் பக்கத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஈ ஓட்ட, இவர் வண்டிக்கு வரிசை நின்றதாம். தாடி வைத்த பையன்கள் 'உள்ளே உட்காரலாமா சார்' என்று கேட்டார்களாம். இருபத்திரண்டு வருஷ ஆபீஸில் இவரிடம் ஒருத்தரும் வரிசையில் நின்று எதுவும் கேட்டதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

உடனே ஏறியது. மகள் ரோஷினி பள்ளிக்கு இரண்டு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்கிறாள், அது கிடக்கட்டும். இருபத்தைந்து வயசுக்கு மேலான வண்டி வாசலில் நின்றால் அசிங்கம், நிற்கக் கூடாதென்று குடியிருப்போர் அசோசியேஷன் விதியாம். சனிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் இழுத்துப் போய்விடுவோமென்று நோட்டீஸ் வந்திருக்கிறதாம். கராஜில் மூக்கு நுழைந்தால் வால் வெளியே நிற்கிறது. விதியை எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறார், டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

டாக்டர் தொட்டியை நகர்த்தப் பார்த்தார். கிட்டுசாமி அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நோட்டீஸை நீட்டினார்.

"எந்த ரசனை கெட்டவன் இப்படி ஒரு விதி கேட்டிருப்பான், சொல்லுங்க."

டாக்டர் தாளைப் புரட்டினார். பின்னால், அந்த விதி வேண்டுமென்று கேட்ட போன வருஷத்து மனுவின் நகல், முப்பத்தொரு கையெழுத்து. முதல் பெயரில் அவர் விரல் நின்றது. கிட்டுசாமி.

போன நவராத்திரியில் வீடு வீடாகக் கொலு பார்த்து, சுண்டலோடு கையெழுத்தும் வாங்கியவர் அவர்தான். எதிர்வீட்டுக் கிழவர் வெறுத்துப்போய், ஊரைவிட்டுக் கிளம்பும்போது தன் வண்டியை இவர் தலையிலேயே கட்டினார். சும்மா ஒருதரம் ஏறி உட்கார்ந்தது வினையாகிவிட்டது. விதி எதிர்வீட்டுக்கு மட்டும்தான் என்று இவர் நினைத்திருந்தார்.

கிட்டுசாமி ஸ்டிக்கர் மரத்தைத் தடவியபடி திரும்பி நின்றார்.

"அப்ப அது எதிர்வீட்டான் வண்டி டாக்டர். அசிங்கமாத்தான் இருந்துச்சு."

திரும்பினால் குப்பைத் தொட்டிதான் நின்றது, டாக்டர் இல்லை. அதன் மூடிமேல் புது மனுவை விரித்து, வழக்கம்போல் முதல் கையெழுத்தைக் கிட்டுசாமியே போட்டார்.